இரண்டே இரண்டு காது

உலகத்தில் எண்ணூறு கோடி மனிதர்கள் இருக்கிறார்களாம். அதில் ஒருத்தர் என் பாட்டைக் கேட்டால் போதும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவு சின்ன ஆசையை வைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய நிறுவனத்தின் வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

நான் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். கலைஞன் கிடையாது. "காதெங்கும்" இசை விநியோக நிறுவனம் மட்டும்தான் என்னைக் கலைஞன் என்று கூப்பிடுகிறது. அதுவும் பெயரைச் சொல்லி இல்லை, "அன்புள்ள படைப்பாளி எழுபது லட்சத்து நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டே" என்று.

அந்த ஒருத்தர் என் அக்கா. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை. இரண்டு வருடம் முன்பு அவளும் மாமாவும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். கூடம் நிறைய மாமாவின் சொந்தக்காரர்கள். யாரோ ஒரு பெரியம்மா, "நீ நல்லாப் பாடுவியாமே, ஒண்ணு பாடேன்" என்று கேட்க, அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"எங்க அக்கா பாடினா வீட்டுக்கு மெஷினே வேண்டாம். கேட்ட மாத்திரத்துல துணியெல்லாம் தானாப் பிழிஞ்சுக்கும்" என்றேன்.

கூடமே சிரித்தது. கூட்டம் சிரித்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. துணி எப்படிப் பிழிந்துகொள்ளும் என்று உடம்பை முறுக்கி வேறு நடித்துக் காட்டினேன். போர்வை எப்படி, துண்டு எப்படி, சாக்ஸ் எப்படி என்று தனித்தனியாக. நான் சாக்ஸுக்கு வந்தபோது அக்கா கையில் இருந்த டம்ளர் தட்டை மேசை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது. என் நம்பரை பிளாக் செய்தாள். இரண்டு தடவை நேரில் போனேன். இரண்டு தடவையும் மாமா வாசலுக்கு வந்து, "அவ வீட்ல இல்ல மாப்ள" என்று உரக்கச் சொல்லிவிட்டு, உள்ளே இருக்கிறாள் என்று கண்ணால் காட்டினார்.

பேசாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா இன்னொன்று சொன்னார். "பாட்டையும் விட்டுட்டா மாப்ள. பாத்திரம் கழுவும்போது ஏதாவது முணுமுணுப்பாளே, அதுகூட இல்ல. சமையல்கட்டுல தண்ணிச் சத்தம் மட்டும்தான் வருது." அந்த முணுமுணுப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ஒரே மெட்டு. அவளே கட்டியது. குழாயைத் திறக்கும்போது ஆரம்பிக்கும். கடைசித் தட்டைக் கவிழ்த்துக் குழாயை மூடும்போது பாதியில் நிற்கும். முடிந்து நான் கேட்டதே இல்லை.

அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை நானே கட்டி, மன்னித்துவிடு என்று நாலு வரி எழுதி ஒரு பாட்டாக்கினேன். என் கடையில் பழைய மெஷின் ஒன்று கிடக்கிறது. டிரம் ஒரு பக்கம் சாய்ந்து "தடக் தக தடக்" என்று சுற்றும். ரிப்பேர் செய்தால் தாளம் போய்விடும் என்று அதைத் தொடவில்லை. அதுதான் வாத்தியம். பாடினவன் நான். வேறு ஆள் கிடைக்கவில்லை.

அக்காவிடம் இதை எப்படிச் சேர்ப்பது என்று மாமாவிடம் கேட்டேன்.

"கடையில நாள் பூரா காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுத்தான் லென்ஸ் வெட்டுறா. பாட்டு ஆப்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு அதுவா வந்துக்கிட்டே இருக்கும். அதுல நீ வந்தாத்தான் உண்டு."

"நீங்களே போட்டுக் காட்டக் கூடாதா மாமா?"

"போட்டா என்னையும் பிளாக் பண்ணிருவா மாப்ள. நீ வெளியூர்ல இருக்க, தாங்குவ. நான் ஒரே வீட்ல இருந்துக்கிட்டு பிளாக் ஆனா எங்க போய்ப் படுப்பேன்?"

நியாயமாகத்தான் பட்டது. அந்த ஆப்புக்குள் தனி ஆட்கள் நேராக நுழைய முடியாதாம். விநியோக நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டுமாம். அப்படித்தான் நான் "காதெங்கும்" நிறுவனத்தில் போய் விழுந்தேன். "உங்கள் பாட்டு, உலகத்தின் காது" என்று முகப்பில் போட்டிருந்தது.

பதிவுப் படிவத்தில் அறுபத்து நாலு கேள்விகள். முதல் கேள்வியே, "உங்கள் இலக்குக் கேட்போர் எத்தனை பேர்?" ஒன்று என்று போட்டேன். கட்டம் சிவந்துவிட்டது. குறைந்தது பத்தாயிரம் இருக்க வேண்டுமாம். மனசாட்சியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரை அக்காவோடு சேர்த்துவிட்டேன். அடுத்து, "உங்களைப் போல் இருக்கும் மூன்று கலைஞர்கள் யார்?" அதற்கு அடுத்து, "நீங்கள் யாரைப் போலவும் இல்லை என்பதை விளக்குக." இரண்டுக்கும் பதில் எழுதினால்தான் மூன்றாம் பக்கம் திறக்கும்.

அட்டைப் படத்துக்கு, அக்கா பாத்திரம் கழுவுகிற தொட்டி மாதிரி ஒன்றைப் படம் பிடித்து அனுப்பினேன். "படத்தில் மனித முகம் இல்லை" என்று திரும்பி வந்தது. என் முகத்தை அனுப்பினேன். "இந்த முகத்துக்கும் பாட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை" என்று வந்தது. எரிச்சலில், அன்று ரிப்பேருக்கு வந்திருந்த மெஷினின் கதவைப் படம் எடுத்து அனுப்பினேன். உள்ளே யாருடையதோ ஒரு நீலச் சட்டை ஈரமாகக் கிடந்தது. "துணிச்சலான கலை முடிவு! தனிமையைத் தொட்டுவிட்டீர்கள்" என்று ஐந்து நட்சத்திரம் போட்டு ஒப்புதல் வந்தது.

பிறகு மனநிலை. நிறுவனத்தில் மொத்தம் நாற்பத்தியொரு மனநிலைகள். அதில் ஒன்றுக்குள் பாட்டு அடங்க வேண்டும். நான் பட்டியலை மூன்று தடவை மேலிருந்து கீழே படித்துவிட்டு உதவி அலுவலருக்கு எழுதினேன்.

"மேடம், மன்னிப்புக் கேட்கிற மனநிலை எதுல வரும்?"

"மன்னிப்பு பட்டியலில் இல்லை படைப்பாளியே. 'நிமிர்ந்த நடை', 'மழையும் காபியும்', 'வெற்றி நெருங்குகிறது', 'கால் தசைப் பயிற்சி' ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்."

"தப்புப் பண்ணினவங்க யாரும் பாட்டுக் கேக்கறதில்லையா மேடம்?"

"கேட்கிறார்கள். அவர்கள் 'நிமிர்ந்த நடை'யில் இருக்கிறார்கள்."

கடைசியில் நிறுவனத்தின் கணினியே என் பாட்டை ஆராய்ந்து, மெஷின் சுற்றும் வேகத்தை வைத்து ஒரு மனநிலையைக் கண்டுபிடித்தது. "தனியாக இருக்கும் நாய்களுக்கு."

பாட்டு வெளியாகும் முன் பயிற்சிக் கூட்டத்தில் கலந்துகொள்வது கட்டாயம். கம்ப்யூட்டர் வழியாகத்தான். மூவாயிரம் இசைக் கலைஞர்கள் கூடியிருந்தோம். ஒரு சத்தம் இல்லை. எல்லோருடைய மைக்கையும் நிறுவனமே அணைத்து வைத்திருந்தது. வியூகத் தலைவர் என்று ஒருவர் தோன்றினார். பின்னால் சுவர் நிறையக் கிடார்கள் மாட்டியிருந்தன. எதிலும் தந்தி இல்லை.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார், "பாட்டுன்னா என்ன? மக்கள் அடுத்த பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேக்கற சத்தம். அவ்வளவுதான். உங்க கையில இருக்கறது ஏழு நொடி. அதுக்குள்ள ஆளைப் பிடிக்கலைன்னா போயிடுவான். அதனால கடைசில என்ன வச்சிருக்கீங்களோ, அதைத் தூக்கி முன்னால வைங்க. கடைசிக்கு எவனும் வர்றதில்ல. அங்க என்ன வேணும்னாலும் போட்டுக்குங்க."

யாரோ எழுத்தில் கேட்டார்கள்: "கடைசி வரை கேட்கிறவர்கள்?"

"அவங்க தூங்கிட்டவங்க. அதுக்குத் தனி மனநிலை இருக்கு." தலைவர் சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "என்னைப் பத்தி ஒண்ணு சொல்றேன். பதினோரு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். இது வரைக்கும் ஒரு பாட்டைக்கூட முழுசாக் கேட்டதில்ல. கேட்டா ஒரு பாட்டு மேல பிரியம் வந்துடும். பிரியம் வந்தா நடுநிலை போயிடும். உங்களுக்காக நான் அந்தத் தியாகத்தைப் பண்ணிக்கிட்டிருக்கேன்."

மூவாயிரம் பேரும் கைதட்டுகிற பொம்மையைப் போட்டார்கள். நானும் போட்டேன். போடாவிட்டால் கூட்டம் முடியாது என்று எழுதியிருந்தது.

பாட்டு வெளியானது. "வாழ்த்துகள்! உங்கள் படைப்பு இப்போது நூற்று எண்பத்து மூன்று நாடுகளில் கிடைக்கிறது" என்று பட்டாசு வெடிக்கிற படத்தோடு தகவல் வந்தது. முதல் வாரம் கேட்டவர்கள் யாரும் இல்லை. இரண்டாம் வாரம் ஒருவர் மூன்று நொடி கேட்டிருந்தார். அது நாயா மனிதரா என்று அறிக்கையில் இல்லை. தினமும் மாலை மாமாவுக்குப் போன் போட்டேன்.

"வந்துச்சா மாமா?"

"அவ ஆப்ல பாத்தேன். இன்னைக்கும் வேற எவனோதான் பாடியிருக்கான் மாப்ள."

உதவி அலுவலருக்கு எழுதினேன். என் அக்கா ஒருத்தியிடம் மட்டும் இந்தப் பாட்டைச் சேர்க்க முடியுமா என்று. பதில் உடனே வந்தது. "குறிப்பிட்ட ஒருவருக்குப் பாட்டை அனுப்புவது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகும். அதை ஒருபோதும் செய்ய மாட்டோம். ஆனால் அவருடைய வயது, தொழில், உறங்கும் நேரம், செருப்பு அளவு ஆகியவற்றில் அவரை ஒத்த நாலு லட்சம் பேருக்கு அனுப்பலாம்." அக்காவின் செருப்பு அளவு எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பொறுத்துப் பார்த்து, ஒரு புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு நேரிலேயே கிளம்பிப் போனேன்.

ஒன்பது மாடிக் கட்டடம். வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு வெண்கலத்தில் ஒரு காது செய்து நிறுத்தியிருந்தார்கள். வரவேற்பாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"படைப்பாளியா? நேர்லயா?" என்றார். "அதுக்கு வழி இல்லையே சார். நீங்க அங்க உக்காந்து போன்ல எழுதுங்க. உள்ள இருந்து பதில் வரும்."

உட்கார்ந்தேன். எதிரே கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம், என் கையெட்டும் தூரத்தில், ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்திருந்தார். நான் "வணக்கம்" என்று எழுதினேன். அவர் கணினி ஒளிர்ந்தது. அவர்தான் என்னுடைய உதவி அலுவலர். கண்ணாடியைத் தட்டிக் கையசைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், குனிந்து எதையோ தட்டினார். என் போனுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கை வந்து ஆடியது.

"மேடம், பாட்டு ஏன் யார் காதுக்கும் போகல?" என்று எழுதினேன்.

அவர் என் கோப்பைத் திறந்தார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிமிர்ந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். "கேள்வி ஐம்பத்தெட்டு. 'இந்த மெட்டு முழுவதும் உங்களுடையதா?' நீங்கள் 'இல்லை' என்று போட்டிருக்கிறீர்கள்."

"ஆமா. பாதி எங்க அக்காவோடது."

"'இல்லை' போட்டால் பாட்டு கடையில் இருக்கும், ஆனால் கடைக்குக் கதவு இருக்காது. தானாக யார் காதிலும் ஓடாது. யாரும் 'இல்லை' போடுவதில்லை." அதற்கு மேல் எழுதப் பொறுமையில்லாமல் அவர் எழுந்து கண்ணாடி ஓரமாக வந்து, இடுக்கில் வாயை வைத்து, மனுஷக் குரலில் பேசினார். "சார், எழுபது லட்சம் பேர்ல நீங்க ஒருத்தர்தான் அதுல 'இல்லை' போட்டிருக்கீங்க. 'ஆமாம்'னு மாத்திடுங்க. இப்பவே பண்றேன். நாளைக்குக் காலைல உங்க அக்கா காதுல ஓடும்."

நாளைக் காலை. நான் எதற்காக இவ்வளவும் அலைந்தேனோ, அது ஒரு விரல் தூரத்தில் இருந்தது. கட்டைவிரலைப் போன் திரை வரை கொண்டுபோனேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அவள் மெட்டை முழுக்க என்னுடையது என்று சொல்லி அவளிடமே நீட்டுவதா? ஏற்கெனவே ஒரு தடவை ஊர் சிரிக்க அவள் பாட்டைப் பிடுங்கியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போகிற பாட்டையுமா திருடிக்கொண்டு போவது?

"வேண்டாம் மேடம். பாதி அவளோடதுதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அப்போ ஏழாவது மாடிக்குப் போங்க. இணை உரிமைத் துறை. லிஃப்ட் அங்க நிக்காது. யாரும் போறதில்லைன்னு பட்டனை எடுத்துட்டாங்க. எட்டுல இறங்கி ஒரு மாடி நடந்து இறங்குங்க."

ஏழாவது மாடியில் ஒரே ஒரு கதவு. உள்ளே ஒரு மேசை, ஒரு அலமாரி, ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா. கதவு திறந்த சத்தத்துக்கே எழுந்து நின்றுவிட்டார்.

"வழி தப்பி வந்துட்டீங்களா?"

"இல்லம்மா. கேள்வி ஐம்பத்தெட்டுல 'இல்லை'ன்னு..."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "உக்காருங்க, உக்காருங்க. பதினோரு வருஷம் சார். நிறுவனம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்தச் சீட்லதான் இருக்கேன். சட்டப்படி இந்தத் துறை இருக்கணும், அதனால இருக்கேன். ஒரு கேஸ் வரல. வருஷா வருஷம் அறிக்கையில 'புகார் ஏதுமில்லை, அனைவரும் நேர்மையானவர்கள்'னு எழுதி அனுப்புவேன். மேல பாராட்டிக் கடிதம் வரும்." டீ போட்டுக் கொடுத்தார். பிஸ்கட் டப்பாவைத் தேடி எடுத்தார். "சொல்லுங்க, அக்கா பேரு, விலாசம், எந்த நொடியிலேர்ந்து எந்த நொடி வரைக்கும் அவங்க மெட்டு?"

"குழாயை மூடற வரைக்கும்மா."

எதற்கு இந்தப் பாட்டு என்று கேட்டார். சொன்னேன். சாக்ஸ் வரை சொன்னேன். "சாக்ஸையுமா நடிச்சீங்க?" என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து, பதினோரு வருடமாக ஒருவர் கையும் படாத படிவக் கட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். பதினாலு பக்கம். "இணை உரிமையாளர் எனக் கருதப்படுபவருக்கு அறிவிப்பு. உங்கள் தம்பி, இந்தப் பாட்டில் பாதி உங்களுடையது என்று தெரிவித்துள்ளார். ஆட்சேபம் உண்டா?" என்று முதல் பக்கம். கடைசிப் பக்கத்தில், "இணைக்கப்பட்ட பாட்டை ஆட்சேபம் தெரிவிக்கும் நோக்கத்துக்காக மட்டும் கேட்கவும்" என்று ஒரு வரி. முத்திரையை ஓங்கிக் குத்தினார். மை காய்ந்திருந்தது. வாயால் ஊதி ஊதி இன்னொரு தடவை குத்தினார்.

"கூரியர்ல போகுது. மெயில்லயும் போகுது. கையெழுத்துப் போட்டு வாங்காம விட மாட்டாங்க" என்றார்.

ஆறு நாள் ஆனது. மாமா போனை எடுக்கவில்லை. நான் ஒரு மெஷினுக்கு வேறு மெஷினின் பெல்ட்டை மாட்டிவிட்டேன். ஒரு வீட்டில் மெஷின் கதவை மூடாமலேயே தண்ணீரைத் திறந்துவிட்டு அடுப்படி வரை குளமாக்கினேன்.

ஏழாம் நாள் வந்தது நிறுவனத்தின் மெயில். சிவப்பு எழுத்து. "அவசரம். படைப்பாளி எண் 70,04,118-இன் பாட்டு இரண்டு நாளில் ஒரே கருவியிலிருந்து முன்னூற்றுப் பன்னிரண்டு முறை கேட்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறையும் முழுமையாக. இயற்கையான மனிதர் எவரும் ஒரு பாட்டை இவ்வாறு கேட்பதில்லை என்பதால், இது இயந்திரத்தை வைத்துச் செய்யப்பட்ட மோசடி என்று கருதுகிறோம். நாளை பகல் பதினொரு மணிக்கு நேர்மைக் குழு முன் ஆஜராகவும். கேட்டதாகச் சொல்லப்படும் கருவியும் ஆஜராகும்."

எந்தக் கருவி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கினபோது போனைக் கீழே போட்டுவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்குத் திரையில் நாலு கட்டம். ஒன்றில் நான், பின்னால் பிரித்துப் போட்ட மெஷின்கள். ஒன்றில் ஏழாம் மாடி அம்மா, இந்த நாளுக்கென்றே வாங்கின மாதிரி ஒரு புதுப் புடவையில். ஒன்றில் வியூகத் தலைவர். அந்த மாதம் நேர்மையும் அவர் பொறுப்பிலாம். நாலாவது கட்டம் கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு லென்ஸ் வெட்டுகிற மெஷின் தெரிந்தது. அதன் முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அக்கா.

இரண்டு வருடத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கையில் அந்தப் பதினாலு பக்கமும் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நேர்மை எங்க மூச்சு. ஒரு நாளைக்கு நாங்களே விளம்பரப் பாட்டு ஒண்ணை நாலு லட்சம் தடவை ஓட விடறோம். அது சேவை. ஆனா தனி ஆள் ஒருத்தர் ஒரே பாட்டை விரும்பி விரும்பிக் கேட்டா அது எங்க தரவுகளையே அசைச்சுடும். விருப்பத்துக்குன்னு ஒரு அளவு இருக்கு. ஒன்பது தடவை. அம்மா, நேரடியாவே கேக்கறேன். நீங்க மனுஷியா?"

"நீங்க?" என்றாள் அக்கா.

தலைவர் தன் முன்னால் இருந்த தாளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பதில் அதில் இல்லை போலிருக்கிறது. "முன்னூத்திப் பன்னிரண்டு தடவை கேட்டதுக்கு என்ன காரணம்?"

"ஆட்சேபம் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கீங்க. கேக்காம எப்படிச் சொல்றது?" அக்கா தாள்களை விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள். பதினாலு பக்கமும், ஓரங்கள் உட்பட, அவளுடைய பொடி எழுத்து. "பதினாறாவது நொடியில மூச்சு வாங்கறான். இருபத்து நாலுல சுருதி விலகுது. முப்பத்தொண்ணுல சுருதியே இல்ல. நாப்பதுல என்ன வார்த்தைன்னே புரியல, மாவு சலிக்கற மாதிரி இருக்கு." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நீ பாடறதைப் பதிவு பண்ணிக் கேட்டியா இல்லையா? உனக்குக் காது இருக்கா? அத்தனை பேர் முன்னால என்னைச் சொன்னியே, துணி தானாப் பிழிஞ்சுக்கும்னு! நீ பாடறதைக் கேட்டா துணி இல்லடா, அந்த மெஷினே தன்னைத்தானே பிழிஞ்சுக்கிட்டு வாசல்ல போய்க் காயும்! ரெண்டு வருஷம்! ஒரு கடுதாசி எழுதத் தெரியாதா உனக்கு? உலகம் பூரா நூத்தி எண்பது நாட்டுக்கு அனுப்புவியாம், அக்காவுக்கு ஒரு கடுதாசி எழுத மாட்டியாம்! எருமை!"

மூச்சு விடாமல் நாலு நிமிடம் திட்டினாள். எனக்கு ஒவ்வொரு திட்டும் தேனாக இறங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் துடைக்கவில்லை. ஏழாம் மாடி அம்மா வேகவேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"மீதிப் பாதியை நீ கட்டினியாமே" என்றாள் அக்கா, குரல் கொஞ்சம் இறங்கி. "யார் கேட்டா? பாட்டு பாதியில நிக்குதுன்னு உனக்கு யார் சொன்னது? குழாயை மூடினா நான் வாயை மூடிக்குவேன். பாட்டு உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதோட மீதி இதுடா, மண்டூ."

சொல்லிவிட்டுப் பாடினாள்.

லென்ஸ் மெஷின் சுற்றுகிற சத்தத்துக்கு மேல், அத்தனை வருடமாக நான் கேட்டே இராத அந்தப் பாதியைப் பாடினாள். நான் கட்டினதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் அழுது வடிகிற மாதிரிக் கட்டியிருந்தேன். அவளுடையது துள்ளிக்கொண்டு மேலே போனது. ஒரு இடத்தில் சிரிப்பே வந்துவிடும் போலிருந்தது, அவ்வளவு குறும்பு. முதல் ஏழு நொடியில் தலைவரின் கை பழக்கத்தில் ஏதோ பட்டனைத் தேடி மேசை மேல் அலைந்தது. அவருக்கு எதிரே தாண்டிப் போக அடுத்த பாட்டு இல்லை. இருபதாவது நொடியில் கை நின்றது. ஒரு நிமிடத்தில் அவர் வாய் லேசாகத் திறந்துகொண்டது. அக்கா முடித்தபோது அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது" என்றாள் அக்கா.

"முடிஞ்சதும்... இப்போ என்ன பண்ணணும்?"

நிறுவனத்தில் அதற்கு விதி எதுவும் இல்லை. ஏழாம் மாடி அம்மாதான் எழுந்து நின்று கைதட்டினார். பொம்மைக் கை இல்லை, நிஜக் கை.

நடவடிக்கைக் குறிப்பில் மூன்று வரி பதிவானது. "கேட்டவர் மனிதரே. எந்த இயந்திரமும் தம்பியை இப்படித் திட்டாது. இணை உரிமையாளர், பாடியவரின் குரல் மீது ஆட்சேபம் தெரிவித்ததால் பாட்டு நீக்கப்படுகிறது." அன்று பிற்பகலே நூற்று எண்பத்து மூன்று நாடுகளிலிருந்தும் என் பாட்டு எடுக்கப்பட்டது. எந்த நாட்டிலும் ஒருவரும் கவனித்ததாகத் தகவல் இல்லை. "தனியாக இருக்கும் நாய்கள்" பகுதியிலிருந்தும் புகார் வரவில்லை.

அடுத்த மாதப் பயிற்சிக் கூட்டத்தில் வியூகத் தலைவர் என்னைப் பற்றிப் பேசினாராம். ஏழாம் மாடி அம்மா போனில் சொன்னார். "ஒரு படைப்பாளி தன் இலக்குக் கேட்போரில் நூறு சதவீதத்தையும் அடைந்திருக்கிறார். உலகத்தில் எந்த விநியோக நிறுவனமும் செய்யாத சாதனை. இதுதான் காதெங்கும்!" என்றாராம். எந்தத் துறை அதைச் சேர்த்தது என்று யாரோ கேட்டதற்கு, அது வியாபார ரகசியம் என்றாராம். லிஃப்டில் ஏழாவது மாடிக்கு மட்டும் மறுபடி பட்டன் வைத்திருக்கிறார்களாம். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அந்த விசாரணை நடந்த சாயங்காலமே என் போன் அடித்தது. இரண்டு வருடமாகத் திரையில் வராத பெயர்.

"ஞாயித்துக்கிழமை வா. அந்த ஓட்டை மெஷினையும் தூக்கிக்கிட்டு வா. தாளம் நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு. நீ பாடக் கூடாது."

"பாடல அக்கா."

"பேசவும் கூடாது."

"சரிக்கா."

ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து மெஷினைக் கொண்டுபோய் அக்காவின் சமையல்கட்டு வாசலில் இறக்கி, பிளக்கைச் செருகினேன். "தடக் தக தடக்" என்று சுற்ற ஆரம்பித்தது. மாமா எதற்கு வம்பு என்று கடைத்தெருவுக்குப் போய்விட்டார். அக்கா குழாயைத் திறந்து, முதல் தட்டை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். கடைசித் தட்டைக் கவிழ்த்துக் குழாயை மூடினாள். பாட்டு நிற்கவில்லை.

அந்த வீட்டில் அப்போது கேட்பதற்கு இரண்டே இரண்டு காதுதான் இருந்தது. இரண்டும் என்னுடையவை. வாயை மூடிக்கொண்டு, கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன்.